39 இலக்க எண்ணைக் கையால் பிடித்த வாத்தியார்

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருக்கும் எண்ணில் மொத்தம் 39 இலக்கங்கள். சார்ட் ஒட்டும்போதே ரெண்டு பேர் வந்து, இது யாருடைய பேங்க் அக்கவுண்ட் நம்பர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இது ஒரு பகா எண். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. 13, 17, 19 பகா எண் என்று நாமே சொல்லிவிடுவோம். ஆனால் 39 இலக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டி இது பகா எண்தான் என்று 1876-லேயே ஒருவர் சொன்னார். கால்குலேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, காகிதமும் பேனாவும்தான். அவர் பெயர் எடுவார்ட் லூகாஸ். பிரான்ஸ் நாட்டுக்காரர். நம்ம சார் மாதிரியே ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவர் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது இந்தக் கட்டுரையின் இரண்டாவது சார்ட். முதல் சார்ட்டில் லூகாஸ் முறை தப்பு என்று எழுதி, கலர் பார்டர் எல்லாம் போட்டு, கடைசியில் கிழிக்க வேண்டியதாகிவிட்டது. அது ஏன் என்று பின்னால் வரும்.

லூகாஸ் 1842 ஏப்ரல் 4-ஆம் தேதி வட பிரான்சில் உள்ள அமியான் என்ற ஊரில் பிறந்தார். படிப்பு முடிந்ததும் பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் வேலை. அங்கே தலைவராக இருந்தவர் லெவெரியே. 1846-ல் வெறும் கணக்குப் போட்டே நெப்டியூன் கோள் எந்த இடத்தில் இருக்கும் என்று சொன்னாரே, அதே லெவெரியேதான். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. லூகாஸ் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் போனார். 1871-ல் பிரான்ஸ் தோற்றது. அதன் பிறகு அவர் பள்ளி ஆசிரியர் ஆனார். பாரிசில் செயின்ட் லூயி, சார்லமேன் என்ற பெயர்பெற்ற இரண்டு பள்ளிகளில் பாடம் எடுத்தார்.

பீரங்கிப் படையில் இருந்தாலும் மனசு கணக்கில்தான் இருந்திருக்கும் போல. 1875-ல் அவர் போட்ட ஒரு புதிர் பீரங்கிக் குண்டு பற்றியதுதான். பழக்கடையில் ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்குவார்கள் இல்லையா, அதுபோல குண்டுகளைச் சதுரச் சதுரமாக அடுக்க வேண்டும். உச்சியில் 1, அதன் கீழே 4, அதன் கீழே 9, அப்புறம் 16. இப்படி அடுக்கிய மொத்தக் குண்டுகளையும் கலைத்துத் தரையில் பரப்பினால் மிச்சமில்லாமல் ஒரே சதுரமாக அமைய வேண்டும். எத்தனை அடுக்கு வைத்தால் அமையும்? 24 அடுக்கு வைத்தால் 4900 குண்டு வரும். அது 70 × 70. ஒரே ஒரு குண்டு வைக்கிற சில்லறை விடையை விட்டால் இதைத் தவிர வேறு விடையே கிடையாது என்று லூகாஸ் சொன்னார். அதற்குக் குறையில்லாத நிரூபணம் 1918-ல்தான் வாட்சன் என்பவரிடமிருந்து வந்தது.

சரி, நம்ம பெரிய எண்ணுக்கு வருவோம். இதைச் சுருக்கமாக 2¹²⁷ − 1 என்று எழுதலாம். 2-ஐ 127 முறை எழுதிப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண்கள் மேல் மெர்சென் என்ற பாரிஸ் துறவிக்கு ஒரு மோகம். அவர் 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்று இருந்தால் பகா எண் வரும், 257 வரைக்கும் வேறு எதற்கும் வராது என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. 31-ஐ ஆய்லர் 1772-ல் சரிபார்த்தார். அதற்கு மேல் உள்ள 67, 127, 257-ஐத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. 200 வருஷத்துக்கு மேல் பட்டியல் அப்படியே கிடந்தது.

ஏன் தைரியம் வரவில்லை என்றால், நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 2-ஆல் வகு, 3-ஆல் வகு, 5-ஆல் வகு என்று வர்க்கமூலம் வரைக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 2¹²⁷ − 1-க்கு இப்படிப் பகா எண்களால் மட்டும் வகுத்தாலும், வினாடிக்கு ஒரு வகுத்தல் என்றாலும், 900 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். பூமிக்கே வயசு சுமார் 450 கோடி வருஷம்தான்!

லூகாஸ் வகுத்துப் பார்க்கவே இல்லை. அதுதான் அவருடைய மூளை. அவருக்கு 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தின இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் தொடர் மேல் ரொம்ப ஆசை. அதற்கு ஃபிபனாச்சி தொடர் என்ற பெயர் பரவக் காரணமே இவர்தான். (நம் நாட்டு ஹேமச்சந்திரர் ஃபிபனாச்சிக்கு முன்பே 12-ஆம் நூற்றாண்டில் இதை எழுதியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.) அதே விதியில் 1, 3 என்று தொடங்கினால் 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று போகும். இதற்கு இன்றைக்கு லூகாஸ் எண்கள் என்று பெயர். இதில் 2-ஆம் இடத்தில் 3, 4-ஆம் இடத்தில் 7, 8-ஆம் இடத்தில் 47 இருக்கிறது. 3-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 7. 7-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 47. இந்தப் படிக்கட்டில் ஏறிப்போனால் பகா எண்ணா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பதுதான் அவர் கண்டுபிடிப்பு.

முறை இதுதான். 3-இல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி. வந்த எண் பெரிதாகிவிட்டால் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி வர்க்கம் எடு, 2 கழி. அடுக்கு எத்தனையோ அதைவிட 2 குறைவாக இத்தனை தடவை செய். கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை. (3-இல் தொடங்குவது, அடுக்கு பகா எண்ணாக இருந்து, அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும்போது மட்டும் செல்லும். 7, 11, 19, 127 எல்லாம் அப்படிப்பட்டவை. எல்லாவற்றுக்கும் பொதுவாக 4-இல் தொடங்கும் முறையை 1930-ல் லேமர் என்ற அமெரிக்கர் ஒழுங்குபடுத்தினார். அதனால் இதற்கு லூகாஸ்–லேமர் சோதனை என்று பெயர்.)

கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் கணக்கு சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சின்ன எண்ணிலாவது நீயே கையால் போட்டுப் பார்த்துவிட்டு எழுது என்றார். 2⁷ − 1 = 127-ஐ எடுத்துக்கொண்டேன். 127 பகா எண் என்று எல்லாருக்கும் தெரியும். 7 − 2 = 5 தடவை செய்ய வேண்டும். 3, 7, 47 வரைக்கும் சுலபம். 47-இன் வர்க்கம் 2209, 2 போனால் 2207, 127-ஆல் வகுத்தால் மீதி 48. அடுத்து 26 வந்தது. அடுத்து 39. முடிந்தது. 0 வரவே இல்லை! லூகாஸ் முறை 127-க்கே வேலை செய்யவில்லை என்று எனக்கு ஒரே குஷி. பெரிய மேதையையே பிடித்துவிட்டோம் என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாக முதல் சார்ட்டை எழுதி முடித்தேன்.

காலையில் ஒட்டுவதற்கு முன்னால் சாரிடம் காட்டினேன். அவர் ஒன்றுமே பேசவில்லை. 48 × 48 என்று என் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் 2314 என்று போட்டிருந்தேன். 2304 அல்லவா வர வேண்டும்! பத்துதான் வித்தியாசம். ஆனால் அந்தப் பத்து அடுத்த வரியில் வேறு எண்ணாகி, அதற்கடுத்த வரியில் முற்றிலும் வேறு எண்ணாகிவிட்டது. சரியாகப் போட்டால்:

3
7
47
2207, மீதி 48
2302, மீதி 16
254, மீதி 0

வந்துவிட்டது. சார்ட்டைக் கிழித்தேன்.

இந்த மாதிரி ஐந்து வரியில் எனக்கு ஒரு தப்பு. லூகாஸ் 127 அடுக்குக்கு 125 வரி போட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் 39 இலக்க எண்ணை அதே 39 இலக்க எண்ணால் பெருக்கி, வரும் 77 இலக்கத்தை மறுபடி 39 இலக்கத்தால் வகுக்க வேண்டும். நடுவில் ஒரு இலக்கம் தவறினால் கடைசியில் 0 வராது. அவ்வளவு வேலையும் வீண். அதைவிட மோசம், பகா எண்ணையே பகா எண் இல்லை என்று உலகத்துக்குச் சொல்லிவிடுவோம், நான் சார்ட்டில் எழுதின மாதிரி. சரிபார்க்க விடைப் புத்தகமும் கிடையாது.

இதற்கு லூகாஸ் செய்த யுக்திதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினார். கம்ப்யூட்டருக்கு இப்போது நாம் செய்வதுதான், ஆனால் அவர் செய்தது 1870-களில். அப்படி எழுதினால் இந்த வகை எண்ணால் வகுக்கவே தேவையில்லை. நீங்களும் செய்து பாருங்கள். 2207-ஐ 127-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 128-ஆல் வகுங்கள். ஈவு 17, மீதி 31. இரண்டையும் கூட்டுங்கள், 48! நாம் கஷ்டப்பட்டு எடுத்த அதே மீதி. இரண்டடிமானத்தில் 128-ஆல் வகுப்பது என்றால் கடைசி ஏழு இலக்கத்தைத் தனியாக வெட்டி எடுப்பதுதான். வெட்டிய முன்பகுதியைப் பின்பகுதியோடு கூட்டினால் வேலை முடிந்தது. இதை லூகாஸ் சதுரங்கம் மாதிரி ஒரு விளையாட்டாகவே மாற்றினார். பக்கத்துக்கு 127 கட்டம் உள்ள பெரிய பலகை. காய் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஒரு கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு காய். ஓரத்தைத் தாண்டினால் சுற்றி வந்து முதல் கட்டத்தில் சேரும். பெருக்கல் வாய்ப்பாடே தெரியாதவன்கூட ஆடலாம், பொறுமை மட்டும் வேண்டும்.

1876-ல் விடை வந்தது. 0. மெர்சென் 127 பற்றிச் சொன்னது சரி. அதுவரை உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண், 1867-ல் லாண்ட்ரி என்பவர் கண்டுபிடித்த 3,203,431,780,337. அதில் 13 இலக்கம்தான். லூகாஸ் ஒரே தாவலில் 39-க்குப் போய்விட்டார்.

அதே வருஷம் மெர்சென் பட்டியலில் ஒரு ஓட்டையும் கண்டுபிடித்தார். 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று அவர் முறை காட்டியது. வேடிக்கை என்னவென்றால், அது எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்கே தெரியாது! வகுத்தி தெரியாமலே வகுபடும் என்று நிரூபித்துவிட்டார். அந்த வகுத்திகள் 27 வருஷம் கழித்து, 1903-ல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்குக் கிடைத்தன: 193,707,721 மற்றும் 761,838,257,287. பிற்பாடு 257-ம் தப்பு என்றும், 61, 89, 107 மூன்றும் பட்டியலில் விட்டுப்போனவை என்றும் தெரிந்தது.

பகா எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நானும் பார்த்தேன். 2¹¹ − 1 = 2047. இது 23 × 89. (இந்த வகை எண்ணின் வகுத்திகளுக்கு ஒரு குணம் உண்டு. 23-இல் 1 போனால் 22, 89-இல் 1 போனால் 88. இரண்டுமே 11-இன் மடங்கு.) 3-இல் தொடங்கினால் 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று வந்து மறுபடி 160! அதாவது செக்குமாடு மாதிரி அந்த ஐந்து எண்ணையே சுற்றிக்கொண்டிருக்கும், ஆயுசுக்கும் 0 வராது. இதை நான் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், பயப்படாமல் நம்பலாம்.

2¹²⁷ − 1-க்கு இன்னும் சில விசேஷங்கள். 6-இன் வகுத்திகளில் 6-ஐ விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 1 + 2 + 3 = 6. 28-க்கும் இப்படியே வரும். இவற்றை நிறைவெண் என்பார்கள். 28 என்பது 4 × 7, 496 என்பது 16 × 31, 8128 என்பது 64 × 127. கவனித்தீர்களா, ஒவ்வொன்றிலும் ஒரு மெர்சென் பகா எண் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே லூகாஸ் எண்ணை 2¹²⁶-ஆல் பெருக்கினால் 77 இலக்கத்தில் ஒரு நிறைவெண் கிடைக்கும். இன்னொன்று: 2² − 1 = 3, 2³ − 1 = 7, 2⁷ − 1 = 127, அடுத்து 2¹²⁷ − 1. ஒரு பகா எண்ணே அடுத்த பகா எண்ணுக்கு அடுக்காகிறது. நான்கும் பகா எண்கள். இதைக் கட்டலான் என்ற கணித அறிஞர் 1876-லேயே சுட்டிக்காட்டினார். ஐந்தாவதும் பகா எண்ணா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. அதை எழுத வேண்டுமானால் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்கத்தில் வரும்!

இவ்வளவு பெரிய கணக்குப் போட்டவர் சிடுமூஞ்சியாக இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீ பீரியடில் நாம் புள்ளி வைத்துக் கோடு போட்டுக் கட்டம் பிடித்து விளையாடுகிறோமே, அதை 1889-ல் அச்சில் கொண்டுவந்தவர் இவர்தான். கணக்கு விளையாட்டுகள் பற்றி நான்கு தொகுதிப் புத்தகம் எழுதினார். அவற்றில் கடைசி இரண்டும் அவர் இறந்த பிறகே வெளிவந்தன. 1883-ல் ஹனோய் கோபுரம் என்ற பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தார். மூன்று குச்சி, ஒன்றில் பெரிசிலிருந்து சிறிசு வரை எட்டு வட்டத் தட்டு. ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் எடுக்கலாம், சின்னத் தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் வேறு குச்சிக்கு மாற்ற வேண்டும். பெட்டியில் தன் பெயரைப் போடவில்லை. லி-சூ-ஸ்தியான் கல்லூரியின் கிளாஸ், சயாம் தேசத்தவர் என்று போட்டார். பிரெஞ்சில் அமியான் ஊர் லூகாஸ் என்பதன் எழுத்துகளைக் குலுக்கினால் அந்தப் பெயர் வரும். கல்லூரிப் பெயரைக் குலுக்கினால் அவர் பாடம் எடுத்த செயின்ட் லூயி பள்ளி!

இந்த விளையாட்டோடு நம் காசியைப் பற்றியும் ஒரு கதை கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு கோயிலில் மூன்று வைர ஊசியும் 64 தங்கத் தட்டும் இருக்கிறதாம். பூசாரிகள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். மாற்றி முடித்ததும் உலகம் அழிந்துவிடுமாம். சுத்தக் கட்டுக்கதை. அப்படியே உண்மையானாலும் கவலை வேண்டாம். 64 தட்டுக்கு 2⁶⁴ − 1 தடவை நகர்த்த வேண்டும். வினாடிக்கு ஒன்று என்றாலும் 58 ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். நான் வீட்டில் ஐந்து எவர்சில்வர் தட்டை வைத்து ஆடினேன். 31 தடவையில் முடிந்தது. ஏழு தட்டு என்றால் 127. நூற்றிருபத்தேழு தட்டு என்றால் எத்தனை தடவை? மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் இருக்கிறதே, அதுதான்!

1891-ல் எண் கோட்பாடு பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்தது. அந்த வருஷமே மார்செய் நகரில் பிரெஞ்சு அறிவியல் சங்கத்தின் மாநாடு. அங்கே நடந்த விருந்தில் பரிமாறுகிற பணியாள் கைதவறிப் பீங்கான் தட்டைப் போட்டுவிட்டார். உடைந்த சில்லு ஒன்று பறந்துவந்து லூகாஸின் கன்னத்தைக் கிழித்தது. சின்னக் காயம்தான். ஆனால் அதில் கிருமி புகுந்து முகமெல்லாம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. பென்சிலின் கண்டுபிடிக்க இன்னும் 37 வருஷம் இருந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி இறந்துவிட்டார். வயசு 49. இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அவர் எண் மட்டும் அசையவில்லை. 75 வருஷம் அதுவே உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. 1951-ல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கு இயந்திரத்தின் உதவியோடு 44 இலக்க எண்ணைக் கண்டுபிடித்தார். அதன்பின் கம்ப்யூட்டர் காலம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் அடுக்கு 136,279,841 கழித்தல் 1 என்ற பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். பக்கத்துக்கு ஆயிரம் இலக்கம் எழுதினாலும் 41 ஆயிரம் பக்க நோட்டு வேண்டும். அதையும் லூகாஸ்–லேமர் சோதனை போட்டுத்தான் உறுதி செய்தார்கள். அதே வர்க்கம் எடு, 2 கழிதான்! ஆனால் இயந்திரமே இல்லாமல் மனிதன் கையால் கண்டுபிடித்த பகா எண்களில் பெரியது இன்றும் லூகாஸின் 39 இலக்கம்தான்.

உங்களுக்கு ஒரு போட்டி. 2¹⁹ − 1 = 524,287. மெர்சென் பட்டியலில் உள்ளதுதான். 3-இல் தொடங்கி 17 தடவை. கால்குலேட்டர் தொடக் கூடாது. எல்லா வரியையும் எழுதி அடுத்த வெள்ளிக்குள் கணித மன்றப் பெட்டியில் போடுங்கள். கடைசியில் 0 வராதவர்கள் என்னிடம் வாருங்கள், எந்த வரியில் தப்பு என்று சேர்ந்து தேடலாம்.